நடுவரின் கைப்புத்தகம்: கோல் விழுந்த பிறகு எந்தப் பக்கத்தைப் புரட்டுவது?

கால்பந்து விதிகளை ஃபிஃபா எழுதுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எழுதுவது இஃபாப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் வாரியம். 1886-இல் தொடங்கியது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துச் சங்கங்களுக்குத் தலைக்கு ஒரு வாக்கு, ஃபிஃபாவுக்கு நான்கு. ஒரு வரியை மாற்ற வேண்டுமானாலும் இந்த எட்டில் ஆறு வாக்குகள் வேண்டும். அந்த வாரியம் ஆண்டுதோறும் வெளியிடும் 'ஆட்ட விதிகள்' நூலின் 2025/26 பதிப்புதான் இந்த மதிப்புரைக்கான பொருள். மின்நூலாக இலவசமாகவே கிடைக்கிறது, கைப்பேசிச் செயலியும் இருக்கிறது. நான் அச்செடுத்துத் தைத்து வைத்திருக்கிறேன். மழையில் நனைந்த விரலுக்குக் காகிதம் பணிகிற அளவு கண்ணாடித் திரை பணிவதில்லை.

நான் வார இறுதிகளில் தொழில்முறை சாராத லீக் ஆட்டங்களுக்கு விசில் ஊதுபவன். ஒரு விதிப் புத்தகம் நல்லதா என்று பார்க்க ஆஃப்சைடு பக்கத்தைத் திறப்பவர்கள் உண்டு. நான் திறப்பது வேறு இடம். கோல் விழுந்த கணத்துக்கும் நடுவட்டத்தில் பந்து மறுபடி நகரும் கணத்துக்கும் இடையே ஒரு நிமிடம் இருக்கிறதே, அதில் புத்தகம் எனக்கு எவ்வளவு கைகொடுக்கிறது என்பதே என் சோதனை. பந்து ஓடாத அந்த நிமிடத்தில்தான் பாதிச் சண்டைகள் பிறக்கின்றன. பந்து வலைக்குள் கிடக்கிறது. ஒருவர் அதைப் பிடுங்குகிறார், இன்னொருவர் கொடுக்க மறுக்கிறார். சட்டையைக் கழற்றிச் சுழற்றுகிறவர் ஒருவர், துணை நடுவரின் கொடியைக் காட்டி ஆஃப்சைடு என்று கத்துகிறவர் மற்றொருவர். காப்டன் ஓடி வந்து காதருகில், "சார், அவர்கள் எல்லோரும் கோட்டுக்கு வெளியே நின்று கொண்டாடுகிறார்கள். நாங்கள் ஆரம்பித்துவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

அந்தக் கேள்விக்கு எட்டாவது விதியில் பதில் இருக்க வேண்டும். ஆட்டத்தைத் தொடங்குவதும் மறுபடி தொடங்குவதும் அந்த விதியின் பொருள். கோலுக்குப் பிறகு என்ன என்பது பற்றி அது சொல்வது ஒரே வரி: ஒரு அணி கோல் போட்டால் எதிரணி கிக்-ஆஃப் (நடுப்புள்ளியிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும் உதை) எடுக்கும். அதன்பின் நடைமுறை வருகிறது. உதைப்பவரைத் தவிர அனைவரும் தத்தம் பாதியில் இருக்க வேண்டும். எதிரணியினர் பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பந்து நடுப்புள்ளியில் அசையாமல் இருக்க வேண்டும். நடுவர் சைகை தர வேண்டும். உதைபட்டு, தெளிவாக நகர்ந்தால் பந்து ஆட்டத்தில் இருக்கிறது. எதிரணியின் கோலுக்குள் நேரடியாகவே போட்டுவிடலாம். தன் கோலுக்குள் நேரடியாகப் போனால் எதிரணிக்குக் கார்னர். உதைத்தவரே பிறர் தொடும் முன் மறுபடி தொட்டால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது நேரடியாகக் கோல் போட முடியாத உதை. வேறு தவறானால் கிக்-ஆஃப் மறுபடி.

கறாரான, சதையில்லாத எழுத்து. இதை நான் பாராட்டுகிறேன். 2016-இல் நூலை அடியோடு திருத்தியபோது வந்த ஒரு மாற்றம் இங்கேதான் இருக்கிறது: அதுவரை கிக்-ஆஃப் முன்னோக்கித்தான் போக வேண்டும், இப்போது எந்தத் திசையிலும் போகலாம். அதனால்தான் நடுப்புள்ளியில் இருவர் நின்று ஒருவர் மற்றவருக்கு ஓர் அங்குலம் தட்டிவிடும் பழைய நாடகம் மறைந்து, ஒருவரே நின்று பின்னால் தட்டுகிறார். 2019-இல் இன்னொன்று வந்தது: டாஸ் வென்ற அணி பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது கிக்-ஆஃபைத் தானே எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தேர்வு ஆட்டத்தின் தொடக்கத்துக்கு மட்டும். கோலுக்குப் பிறகு யாருக்கும் தேர்வு கிடையாது.

இந்த வரியின் வயது தெரிந்தால் புத்தகத்தின் மேல் மரியாதை கூடும். 1863-இல் லண்டனில் எழுதப்பட்ட முதல் விதிகளிலேயே கோல் வாங்கிய அணிதான் உதைக்க வேண்டும் என்று இருக்கிறது. எதிரணி பத்து கஜத்துக்குள் வரக்கூடாது என்பதும் அங்கேயே இருக்கிறது, இன்றைய 9.15 மீட்டர் அந்தப் பத்து கஜம்தான். அன்று ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் அணிகள் பக்கம் மாறின. அது பின்னாளில் போய்விட்டது. உதைக்கும் உரிமை மட்டும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஆடாமல் நிற்கிறது.

காப்டனின் கேள்விக்கு வருகிறேன். எதிரணி முழுவதும் கோட்டுக்கு வெளியே இருந்தால் உடனே கிக்-ஆஃப் எடுத்துக் காலிக் கோலில் போட்டுவிடலாம் என்ற நம்பிக்கை ஆடுகளங்களில் அழியாமல் உலவுகிறது. சில அணிகள் கொண்டாட்டத்தின்போது ஒருவரை மட்டும் காவலுக்கு உள்ளே நிறுத்துகின்றன, பாவம். இது ஏன் நடக்காது என்பதை எட்டாவது விதி இரண்டே சொற்களில் முடித்துவிடுகிறது: நடுவரின் சைகை. நான் தராமல் ஆட்டம் தொடங்காது. அந்தச் சைகை விசிலாக இருக்க வேண்டும் என்பதை அறிய மட்டும் புத்தகத்தின் கடைசிப் பகுதிக்கு, நடுவர்களுக்கான நடைமுறை வழிகாட்டிக்குப் போக வேண்டும். பந்து தெளிவாக உள்ளே போன கோலுக்கு விசில் தேவையில்லை, கோலுக்குப் பிந்தைய தொடக்கத்துக்குத் தேவை என்று அங்கே இருக்கிறது. வரியின் அழகைப் பாருங்கள். ஊரே கத்திக்கொண்டிருக்கும்போது நான் ஊதத் தேவையில்லை. ஊர் அடங்கிய பிறகு ஊத வேண்டும்.

அதே வழிகாட்டியில் துணை நடுவருக்கும் ஒரு குறிப்பு உண்டு. தெளிவான கோல் என்றால் கொடியைத் தூக்காமல், நடுவரைக் கண்ணோடு கண் பார்த்து, பக்கக் கோட்டில் 25 முதல் 30 மீட்டர் நடுக்கோட்டை நோக்கி ஓட வேண்டும். கோல் விழுந்தும் பந்து ஆட்டத்தில் இருப்பது போலத் தோன்றினால் முதலில் கொடியை உயர்த்தி நடுவரின் கவனத்தைத் திருப்ப வேண்டும். புதிதாகக் கொடி பிடிப்பவர்களிடம் நான் முதலில் காட்டும் பக்கம் இது. துணை நடுவர் அசையாமல் நின்றுவிட்டால் எனக்கு ஏதோ சொல்ல வருகிறார் என்று அர்த்தம். கிக்-ஆஃபுக்கு விசிலை வாயில் வைக்குமுன் அவரிடம் போய்க் கேட்க வேண்டும்.

ஏன் அவ்வளவு கவனம்? கிக்-ஆஃப் ஒரு பூட்டு. ஐந்தாவது விதியின்படி, ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், தன் முடிவு தவறு என்று நடுவருக்கே தெரிந்தாலும் அதை மாற்ற முடியாது. வீடியோ நடுவருக்கும் அதே கட்டு: மறுதொடக்கத்துக்குப் பின் அவர்கள் பார்க்கக்கூடியது ஆள் மாறாட்டத்தையும், அடிதடி, துப்புதல், கடித்தல், மிக இழிவான செயல் போன்று வெளியேற்றத்துக்குரிய சிலவற்றையும் மட்டும். 2023 செப்டம்பர் 30 அன்று இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் – லிவர்பூல் ஆட்டத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட சரியான கோல் ஆஃப்சைடு என மறுக்கப்பட்டது. வீடியோ அறையில் இருந்தவர்கள் களத்தில் கோல் தரப்பட்டதாக நினைத்துச் சரி என்று சொல்லிவிட்டார்கள். சில நொடிகளில் தவறு புரிந்தது. அதற்குள் ஃப்ரீ கிக் எடுக்கப்பட்டுவிட்டது. வெளியான ஒலிப்பதிவில் நிறுத்தச் சொல்லும் குரலும், நிறுத்த முடியாது என்ற பதிலும் கேட்கின்றன. அந்தப் பதிலைக் கொடுமை என்றார்கள். விதிப்படி வேறு பதில் இல்லை.

இங்கேதான் புத்தகத்தோடு எனக்கு மனத்தாங்கல். பூட்டைப் பற்றிய இந்தப் பேருண்மை எட்டாவது விதியில் இல்லவே இல்லை. கிக்-ஆஃபுக்கு முன் ஒரு நடுவர் அறிந்திருக்க வேண்டியதைத் திரட்ட மூன்று, ஐந்து, ஏழு, பத்து, பன்னிரண்டு ஆகிய விதிகளையும், வீடியோ நடுவர் நெறிமுறையையும், கடைசி வழிகாட்டியையும் புரட்ட வேண்டும். ஒவ்வொன்றும் தன்னிடத்தில் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் களத்தில் நிற்பவன் விதி எண்களின்படி யோசிப்பதில்லை, நிமிடத்தின்படி யோசிக்கிறான். "கோல் விழுந்தது – இப்போது என்ன?" என்று ஒரே பக்கம் போட்டிருக்கலாம். போடவில்லை. அதனால் என் பிரதியின் பின்னட்டைக்குள் நானே ஒரு பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் முதலில் இருப்பது கூடுதல் ஆள். மூன்றாவது விதியின் இந்தப் பகுதி புத்தகத்திலேயே மிகச் செறிவான எழுத்து. கோல் விழுந்தபின், ஆட்டம் தொடங்குமுன், களத்தில் இருக்கக்கூடாத ஒருவர் இருந்தார் என்று நடுவருக்குத் தெரியவருகிறது. அவர் கோல் போட்ட அணியைச் சேர்ந்தவராக இருந்து, ஆட்டத்தில் குறுக்கிட்டிருந்தால் கோல் செல்லாது. அவர் நின்ற இடத்திலிருந்து எதிரணிக்கு டைரக்ட் ஃப்ரீ கிக். அவர் கோல் வாங்கிய அணியைச் சேர்ந்தவர் என்றால் கோல் செல்லும். ஆட்டம் தொடங்கிய பிறகு தெரியவந்தால் கோலை ரத்து செய்ய முடியாது. ஆளை அப்புறப்படுத்திவிட்டு, அறிக்கையில் எழுத வேண்டும்.

குறுக்கிட்டிருக்க வேண்டும் என்ற தெளிவு வந்ததற்கு முன்கதை உண்டு. 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மெஸ்ஸியின் இரண்டாவது கோல் கோட்டைத் தாண்டுமுன்பே அர்ஜென்டினாவின் மாற்று ஆட்டக்காரர்கள் சிலர் துள்ளிக்கொண்டு களத்துக்குள் வந்துவிட்டார்கள் என்று ஒரு சர்ச்சை எழுந்தது. நடுவர் ஷிமோன் மார்சினியாக் செய்தியாளர்களிடம் தன் கைப்பேசியை உயர்த்திக் காட்டினார். எம்பாப்பே கோல் போட்டபோது பிரான்ஸின் மாற்று ஆட்டக்காரர்கள் களத்துக்குள் நின்ற படம் அதில் இருந்தது. அடுத்த ஆண்டுப் பதிப்பிலேயே வாசகம் திருந்தியது. நடந்ததைப் பார்த்துப் புத்தகம் தன்னைத் திருத்திக்கொள்ளும் வேகத்துக்கு இது நல்ல சான்று.

அடுத்தது வலை. எந்த விதியும் சொல்லாவிட்டாலும், சந்தேகமான கோல் என்றால் கிக்-ஆஃபுக்கு முன் வலையை ஒரு பார்வை பார்த்துவிடுவேன். 2013 அக்டோபரில் ஜெர்மனியின் ஹோஃபன்ஹைம் – லெவர்குசன் ஆட்டத்தில் லெவர்குசனின் ஸ்டீஃபன் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து, பக்கவாட்டு வலையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே போனது. கோல் தரப்பட்டது, ஆட்டம் தொடர்ந்தது. ஜெர்மன் சங்கத்தின் விளையாட்டு நீதிமன்றம் லெவர்குசன் 2-1 என வென்ற முடிவை அப்படியே நிற்கவிட்டது. 1994-இல் பயர்ன் மியூனிக்கின் தாமஸ் ஹெல்மர் வெளியே தட்டிய பந்துக்குக் கோல் தரப்பட்டபோது ஆட்டத்தையே மறுபடி நடத்தச் சொன்ன சங்கம் அது. இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்து யோசிக்க வேண்டியது வழக்கறிஞர்களின் வேலை. என் வேலை ஓட்டையைப் பார்ப்பது.

பிறகு பந்துப் பிடுங்கல். தோற்கும் அணி ஒரு கோல் போட்டதும் வலைக்குள் பாய்ந்து பந்தை எடுத்துக்கொண்டு நடுவட்டத்துக்கு ஓடுவதை நியாயமான அவசரமாகப் பார்க்கிறோம். விதியின் கண்ணில் அந்தப் பந்து அவர்களுடையது அல்ல. அடுத்த உதை கோல் வாங்கிய அணிக்கு உரியது. ஆட்டம் நின்றபின் வேண்டுமென்றே பந்தைத் தொட்டு மோதலைத் தூண்டுவதும், பந்தைத் தூக்கிக்கொண்டு போவதும் மஞ்சள் அட்டைக்குரிய தாமதச் செயல்கள் என்று பன்னிரண்டாவது விதி சொல்கிறது. கோல்கீப்பர் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தால் அதுவும் தாமதம்தான். இருவரில் யார் சண்டையைத் தொடங்கினார் என்று பார்ப்பதற்கு நான் அங்கே இருக்க வேண்டும். ஆகவே கோலைக் காட்டிவிட்டு நடுவட்டத்தை நோக்கி முதுகைத் திருப்பிக்கொண்டு ஓடும் நடுவர்களை எனக்குப் பிடிக்காது. பின்னோக்கி ஓடுங்கள், கண் வலையில் இருக்கட்டும்.

கொண்டாட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளியே போய்க் கொண்டாடுவது தவறல்ல, சீக்கிரம் திரும்ப வேண்டும். சட்டையைக் கழற்றினால், தலையை மூடினால், வேலியில் ஏறினால், எதிரணியைச் சீண்டினால் மஞ்சள் அட்டை. கோல் பிறகு ரத்தானாலும் அட்டை நிற்கும். இதில் வீணாகும் நேரத்தைக் கடைசியில் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஏழாவது விதி இப்போது கொண்டாட்டத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இன்னொன்று: ஆட்டத்தின் கடைசி நொடியில் கோல் விழுந்தால், கிக்-ஆஃப் எடுத்துவிட்டுத்தான் முடிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நேரம் முடிந்திருந்தால் அங்கேயே ஊதி முடித்துவிடலாம். இதை நம்ப மறுக்கும் பயிற்சியாளர்களுக்காகவே நான் நூலைப் பையில் வைத்திருக்கிறேன்.

நடுவர் அவசரப்பட்டு, பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டுமுன் கோல் என்று காட்டிவிட்டால்? பத்தாவது விதி: டிராப் பால், அதாவது நடுவரே பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது. இந்த வரியைப் படித்தபின் கை தானாகவே தாமதமாக உயர ஆரம்பித்துவிடும்.

கோலுக்குப் பின் தேர்வே இல்லாத இந்த ஏற்பாடு சரிதானா என்று கேட்டால், மற்றக் கால்பந்துகளைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமில்லை. அமெரிக்கக் கால்பந்தின் உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தில் டச் டவுனும் (பந்தோடு எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) அதையடுத்த கூடுதல் புள்ளி முயற்சியும் முடிந்ததும், யார் உதைப்பது என்பதைப் புள்ளிகளைக் கொடுத்த அணி தேர்ந்தெடுக்கலாம். கேட்கத் தாராளமாக இருக்கிறது. ஆனால் அந்த ஆட்டத்தில் உதைப்பது என்றால் பந்தை எதிரிக்குக் கொடுப்பது. ஆகவே எல்லோரும் பந்தை வாங்கவே விரும்புவார்கள், தேர்வு பெயரளவில் கிடக்கும். அதே ஆட்டத்தில் சேஃப்டி என்ற இரண்டு புள்ளிகளைக் கொடுத்த அணி, பந்தையும் தானே உதைத்துக் கொடுக்க வேண்டும். பட்ட காலிலே படும் என்பது இதுதான். அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். 2024-இல் கிக்-ஆஃபையே புரட்டிப் போட்டது. உதைப்பவர் தன் 35 கஜக் கோட்டில், அவருடைய சகாக்கள் பத்துப் பேரும் எதிரணியின் 40 கஜக் கோட்டில், பந்து இறங்கும்வரை அல்லது ஒருவர் தொடும்வரை அவர்கள் அசையக்கூடாது. முழு வேகத்தில் ஓடி வந்து மோதிக்கொள்வதைக் குறைக்கத்தான் அத்தனையும்.

ரக்பியில் இன்னும் சுவை. பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனில் புள்ளிகளைக் கொடுத்த அணி நடுக்கோட்டிலிருந்து உதைக்கிறது. அதே ரக்பியை ஏழு பேர் ஆடும்போது புள்ளி எடுத்த அணி உதைக்கிறது. ஏழு பேர் அவ்வளவு பெரிய களத்தைக் காப்பது கடினம். பந்து கையில் இருப்பவனே ராஜா. ஆகவே பந்து கிடைக்கும் வாய்ப்பைத் தோற்றவன் பக்கம் தள்ளுகிறார்கள். ஆஸ்திரேலியக் கால்பந்தில் கோலுக்குப் பின் யாருக்கும் உரிமையில்லை, நடுவில் போட்டிதான். ஒவ்வொரு விளையாட்டும் பந்தின் விலையைப் பார்த்துத்தான் மறுதொடக்கத்தை அமைத்திருக்கிறது. நம் ஆட்டத்தில் கோல் அரிது, பந்து கைமாறுவது மலிவு. கோல் வாங்கியவனுக்குப் பந்தைக் கொடுத்து, எதிரியைப் பத்து கஜம் தள்ளி நிறுத்தினால் போதும். தேர்வு வைத்தால் அந்த நிமிடம் இன்னும் ஒரு நிமிடம் நீளும், இன்னும் ஒரு சண்டை பிறக்கும்.

இந்த இடத்தில் போட்டி நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுவர், மூத்தோர், மாற்றுத்திறனாளிகள், அடித்தள நிலை ஆட்டங்களில் களத்தின் அளவு, பந்தின் எடை, ஆட்ட நேரம், திரும்ப உள்ளே வரும் மாற்று ஆட்டக்காரர்கள், தற்காலிக வெளியேற்றம் போன்றவற்றை மாற்றிக்கொள்ளப் புத்தகம் அனுமதிக்கிறது. அந்தப் பட்டியலில் கிக்-ஆஃப் இல்லை. கோலுக்குப் பிறகு நடுப்புள்ளிக்குப் போகாமல் கோல்கீப்பரே உருட்டிவிட்டுத் தொடங்கட்டும் என்று நண்பர் ஒருவர் தன் போட்டிக்குக் கேட்டார். சிறுவர்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள் என்பது அவர் வாதம், நல்ல வாதமும்கூட. பட்டியலைக் காட்டினேன். "அண்ணா, இதற்குமா சட்டம்?" என்றார். ஐவர் ஆட்டம் என்று வேறு பெயரில், வேறு விதியில் நடத்திக்கொண்டார், நன்றாகவே நடந்தது.

வடிவமைப்புக்கு நல்ல மதிப்பெண். இந்தப் பதிப்பில் மாறிய வரிகள் அடிக்கோடிட்டு மஞ்சளில் இருக்கின்றன; அவசரத்தில் அவற்றை மட்டும் படித்தாலே பாதி வேலை முடியும். இந்தப் பதிப்பில் எல்லோரும் பேசுவது கோல்கீப்பர் எட்டு நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்ற மாற்றத்தைத்தான். எட்டாவது விதியில் மாறியது டிராப் பால் பகுதி: பெனால்ட்டி பகுதிக்கு வெளியே ஆட்டம் நின்றால், யாரிடம் பந்து போயிருக்கும் என்பது நடுவருக்குத் தெளிவாக இருந்தால் அந்த அணிக்கே பந்து. நியாயமான திருத்தம். கடைசியில் உள்ள சொற்களஞ்சியம் பலர் தொடாத பகுதி; தொட வேண்டியது.

புதிய நடுவர் எண் வரிசையில் படிக்கத் தொடங்கினால் களத்தின் அளவுகளிலேயே தூங்கிவிடுவார். ஐந்தாவது விதியில் தொடங்கி, வழிகாட்டிக்குப் போய், பிறகு எட்டுக்கும் பத்துக்கும் வாருங்கள். பயிற்சியாளர்களுக்குப் பன்னிரண்டாவது விதி மட்டும் போதும், அதையாவது படித்தால். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். அந்த ஒரே பக்கத்தைச் சேர்த்துவிட்டால் ஐந்தாவதையும் தரத் தயார். பதிப்புகள் ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வருகின்றன, சில போட்டிகள் அதற்கு முன்பே எடுத்துக்கொள்கின்றன. பழைய கோப்பை நீக்கிவிட்டுப் புதியதை இறக்கிக்கொள்ளுங்கள், அட்டையில் ஆண்டைப் பார்த்துவிடுங்கள்.